பிட்டு மாப் பதத்தில் ஒரு சாலை

"பாதை வருது" என்றார் பக்கத்தில் நின்றவர்.

நான் தண்ணீரைப் பார்த்தேன். எதிர்க்கரை பனிக்குள் இல்லாமல் போயிருந்தது. வாவியும் வானமும் ஒரே சாம்பல் நிறம். அந்த நிறத்துக்குள்ளிருந்து முதலில் ஒரு மோட்டார் சத்தம் வந்தது. பிறகு ஒரு தட்டையான இரும்புத் தளம், அதன்மேல் இரண்டு சைக்கிள்கள், ஒரு பசு, குடை பிடித்த ஓர் ஆசிரியை. ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவைக்கு மட்டக்களப்பில் பாதை என்று பெயர். எங்கள் ஊரில் பாதை ஒரே இடத்தில் கிடக்கும், மனிதர்கள் வருவார்கள். இங்கே பாதைதான் வருகிறது, மனிதர்கள் காத்திருக்கிறார்கள்.

நான் சென்னையிலிருந்து வந்ததும் ஒரு பாதைக்காகத்தான். ஆனால் அது காட்டுக்குள் போகும் மண் பாதை. கல்லூரியில் என் அறைத்தோழனாக இருந்த சிவபாலன் இப்போது மட்டக்களப்பில் சாலைப் பொறியாளர். மண்ணோடு கொஞ்சம் சிமெண்டைக் கலந்து இறுக்கிச் சாலை போடுவது பற்றிய ஒரு பழைய கையேடு சென்னை நூலகம் ஒன்றில் இருப்பதாகவும், அதைப் பிரதி எடுத்துக் கொண்டுவர முடியுமா என்றும் எழுதியிருந்தான். நூற்றுப் பன்னிரண்டு பக்கங்கள். தபாலில் அனுப்பினால் வழியில் எத்தனை பேர் பிரித்துப் பார்ப்பார்களோ என்பதால் நானே எடுத்துவந்தேன்.

சண்டை நின்றிருந்த மாதங்கள் அவை. நின்றிருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். முடிந்துவிட்டது என்று ஒருவரும் சொல்லவில்லை.

துறையில் எங்களோடு ஒரு டிராக்டர் நின்றது. அதன் பின்பெட்டியில் நாற்பது பை சிமெண்ட். "நாப்பது பை சீமெந்துக்கு நாலு மாசம் அலைஞ்சன் மச்சான்" என்றான் சிவபாலன். பதுங்குகுழி கட்ட உதவும் என்பதால் மேற்குக் கரைக்குச் சிமெண்ட் போவது அதுவரை தடையில் இருந்தது. சாவடிச் சிப்பாய் ஒவ்வொரு பையையும் மெல்லிய கம்பால் தட்டிப் பார்த்தார். அவர் சிங்களத்தில் கேட்டதைச் சிவபாலன் பிறகு எனக்குச் சொன்னான்: "இதை வைத்துப் பதுங்குகுழி கட்டலாமா?" மண்ணில் கலந்துவிட்டால் திரும்பப் பிரிக்க முடியாது என்று இவன் பதில் சொல்லியிருக்கிறான். "அப்படியானால் வெறும் பைகளைக் கொண்டுவந்து காட்டுங்கள். நாற்பதும் வர வேண்டும்."

பாதை எங்களை அக்கரையில் இறக்கியது. அங்கே மர நிழலில் சாதாரணச் சட்டை போட்ட, இயக்கத்தின் இரண்டு இளைஞர்கள். அவர்களில் ஒருவர் பைகளைப் பார்த்துவிட்டுத் தமிழில் கேட்டார்: "இதில பங்கர் கட்ட ஏலுமா சேர்?"

சிவபாலன் அதே பதிலைச் சொன்னான். இரண்டு கரையிலும் சிமெண்டை ஒரே கண்ணால்தான் பார்த்தார்கள்.

வாவியின் கிழக்குப் பக்கம் எழுவான்கரை, மேற்குப் பக்கம் படுவான்கரை. சூரியன் எழும் கரை, படும் கரை. படுவான்கரையில் நுழைந்ததும் சத்தம் குறைந்தது. ஒரு மைலுக்கு ஒரு மனிதர். வயல்கள் தண்ணீருக்காகக் காத்துக் கிடந்தன. கொக்கட்டிச்சோலை தாண்டியதும் பின்பெட்டியின் சக்கரம் ஒன்று காற்றை விட்டது. டிராக்டர் ஓட்டிய யோகன் சக்கரத்தைக் கழற்றி சைக்கிளில் கட்டிக்கொண்டு போனார். இரண்டு மணி நேரம் ஒரு கடை வாசலில் உட்கார்ந்து சட்டித் தயிர் தின்றோம். எருமைத் தயிர். சட்டியைக் கவிழ்த்தாலும் விழாது என்று கடைக்காரப் பெண் சொன்னார். நம்பாத முகத்தோடு நான் பார்த்ததால் கவிழ்த்தே காட்டினார். விழவில்லை.

அங்கிருந்து காடு. மருதும் பாலையும் இரு பக்கமும் நெருங்கி வர, மண் பாதை ஒரு பச்சைக் குழாய்க்குள் போவதுபோல் போயிற்று. ஒரு தாழ்ந்த இடத்தில் யோகன் டிராக்டரை நிறுத்தி எஞ்சினையும் அணைத்தார். முப்பது வயது இருக்கும். அதுவரை எல்லாவற்றுக்கும் சிரித்துக்கொண்டு வந்தவர்.

"மாடுவிழுந்தான் எண்டு இதுக்குத்தான் அண்ணன் பேர்" என்றார். "களி மண். மாரியில ஆளையே விழுங்கும். போன மாரி என்ட பொஞ்சாதிய ஆசுபத்திரிக்கு ஏத்திக்கிட்டு விடியச் சாமம் வெளிக்கிட்டன். இதில பெட்டி புதைஞ்சிட்டு. பின்னேரம்தான் இழுத்தெடுத்தம். புள்ள பெட்டிக்குள்ளயே பிறந்திச்சு."

யோகன் பின்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார்.

"தங்கல்ல" என்றார். "இந்த முறையும் மாரிக்குத்தான் நாள் சொல்லியிரிக்கி."

அந்தத் தாழ்வின் நீளத்தை இறங்கி நடந்து பார்த்தேன். நாற்பது தப்படி. ஒரு தப்படிக்கு ஒரு பை சிமெண்ட்.

இரண்டாம் நாள் மருதங்காட்டுவட்டையில் விடிந்தது. வட்டை என்றால் வயல் பரப்பு. அதன் ஓரத்தில் அறுபது வீடுகள், ஒரு பள்ளிக்கூடம், நெல்லுக் குத்தும் மெசின் ஒன்று. நாங்கள் யோகனின் வீட்டில் தங்கினோம். அவர் மனைவி தங்கமலர் நிறைமாதத்தை நெருங்கிக்கொண்டிருந்தார். குனியாமல் எல்லா வேலையும் செய்யப் பழகியிருந்தார். காலைச் சாப்பாடு பிட்டு, வாவி இறால் குழம்பு, பிறகு சீனியைக் கையில் வைத்து நக்கிக்கொண்டு குடிக்கும் வெறும் தேத்தண்ணி.

சாப்பிட்ட இடத்திலேயே சிவபாலன் ஊர்க்காரர்களைக் கூட்டி வேலையை விளக்கினான். களிமண்ணை ஒரு சாண் வெட்டி எடுத்து, காட்டில் கிடைக்கும் செஞ்சரளையைப் பரப்ப வேண்டும். அங்கே அதைக் கிரவல் என்கிறார்கள். கிரவலில் சீமெந்தைத் தூவிக் கிளறி, அளவாகத் தண்ணீர் விட்டு, இரண்டு மணி நேரத்துக்குள் மிதித்து இறுக்க வேண்டும். பிறகு ஏழு நாள் ஈரம் காயாமல் மூடி வைக்க வேண்டும். சக்கரம் எதுவும் ஏறக் கூடாது.

"அளவு எண்டா எவ்வளவு சேர்?" என்று ஒருவர் கேட்டார்.

கையேட்டில் அதற்கு ஒரு வரைபடம் இருந்தது. சிவபாலன் அதைப் பார்த்தான், பிறகு தன் தட்டைப் பார்த்தான். "பிட்டுக்கு மா குழைக்கிற பதம்" என்றான். "பிடிச்சா உருண்டையா நிக்கோணும். உடைச்சா ரெண்டாப் பிளக்கோணும். கையில ஒட்டப்படாது."

பெண்கள் பக்கமிருந்து சிரிப்பு வந்தது. "அப்ப ஆம்பிளையளுக்கு இந்த வேல சரிவராது" என்றார் தங்கமலர்.

இறுக்குவதற்கு உருளை இல்லை. உருளையைப் பாதையில் ஏற்றினால் பாதை வாவிக்குள் போய்விடும். சிவபாலன் காத்தமுத்து என்பவரைத் தேடிப் போனான். அவர் அந்த வட்டையின் விதானையார், வயல்களுக்கு யார் எப்போது தண்ணீர் விடுவது என்பதைப் பார்ப்பவர். பன்னிரண்டு எருமைகளுக்குச் சொந்தக்காரர்.

"என்ன சேர், இஞ்சினியருக்குப் படிச்சு, மறுகா எங்கட எருமையிட்டயா வந்து நிக்கிறியள்?" என்றார்.

"உங்கட எருமைக்குப் படிப்புத் தேவையில்ல விதானையார். கால் இரிக்கி."

கையேட்டில் ஒரு படம் உண்டு. உருளை முழுவதும் ஆட்டின் குளம்புபோல இரும்புக் குமிழ்கள். மண்ணை அடியிலிருந்து மேலாக இறுக்குவதற்கு அதுதான் சிறந்தது என்று எழுதியிருந்தது. காத்தமுத்து அந்தப் படத்தை வெகுநேரம் பார்த்தார். "இரும்பில கால் செய்யிறாங்களா!" என்றார். "கால வச்சிக்கிட்டா நாங்க சும்மா இரிக்கம்."

மூன்றாம் நாள் வேலை. வெயில் இலைகளுக்குள் வடிந்து விழுந்தது. பைகளைப் பிரித்துத் தூவியபோது வெள்ளைத் தூசி எழுந்து மரங்களுக்கு நடுவே நின்றது, இறங்க மறந்த பனிபோல. அதற்குள் எருமைகள் நான்கு நான்காகப் பிணைக்கப்பட்டு இறங்கின. நெல் மிதிப்பதுபோல் ஒரு துண்டு, ஒரு சுற்று. பிறகு அடுத்த துண்டு. சிறிது நேரத்தில் கறுப்பு எருமைகள் வெள்ளை எருமைகளாகிவிட்டன. அவற்றின் பின்னால் வெள்ளை மனிதர்கள். குளம்புச் சத்தம்கூட மெத்தை மேல் விழுவதுபோல் கேட்டது.

இறங்குவதற்கு முன் காத்தமுத்து எல்லோரையும் செருப்பைக் கழற்றச் சொல்லியிருந்தார். "எருமை சுத்தி மிதிக்கிற இடம் எல்லாம் களந்தான். களத்தில கூடாத சொல்லு வரப்படா."

"கூடாத சொல் எது?" என்று நான் கேட்டேன்.

"இல்ல, முடிஞ்சு போச்சு, அது மாதிரிச் சொல்லுதான்."

முழுப் பட்டியலையும் நான் கேட்டிருக்க வேண்டும். பத்திரிகையில் இருபது வருடம் இருந்தவன் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.

முப்பது தப்படி வரைக்கும் தண்ணீர் விட்டது சிவபாலன். கடைசிப் பத்துத் தப்படிக்கு மட்டும், தொடக்கத்தில் போட்ட துண்டைச் சோதிக்க வேண்டியிருந்ததால், பீப்பாயின் குழாயை என் கையில் கொடுத்தான். "விதானையாரைக் கேட்டுக் கேட்டு விடு. ஈரம் அவருக்குக் காலில தெரியும்."

தூசிக்குள் அவர் தலைப்பாகை மட்டும் தெரிந்தது. கொஞ்சம் விட்டுவிட்டு, "போதுமா?" என்று கத்தினேன்.

"பொலி!" என்றார்.

மட்டக்களப்பில் ழகரம் நாக்கில் நிற்பதில்லை என்று முதல் நாளே குறிப்பேட்டில் எழுதியிருந்தேன். ஆகவே அவர் சொல்வது பொழி என்று முடிவு செய்தேன். பொழி, மழைபோல் ஊற்று. இன்னும் திறந்தேன்.

"போதுமா?"

"பொலி! பொலி!"

இரண்டு முறை சொல்கிறாரே என்று முழுவதும் திறந்தேன். எருமைகளின் கால்களிலிருந்து சளக் சளக் என்று கேட்கத் தொடங்கியது. தூசிக்குள்ளிருந்து காத்தமுத்து ஓடிவந்து என் கையிலிருந்த குழாயைப் பிடுங்கினார். அப்போதும் அவர் கூடாத சொல் எதையும் சொல்லவில்லை. களத்துக்கு வெளியே என்னை இழுத்துப் போய், காட்டோரத்தில் நிறுத்தி, அதன் பிறகுதான் வாய் திறந்தார்.

"காதில என்ன பஞ்சா வச்சிரிக்கிறாய் மனே? எத்தின தரம் சொல்லுற?"

"பொழி என்றுதானே சொன்னீர்கள்?"

"பொலி! களத்தில போதும், காணும் எண்டு சொன்னா விளைச்சல் அதோட நிண்டுரும். அதால நாங்க பொலி எண்டு சொல்லுற. பெருகட்டும் எண்டு. போதுமா எண்டு கேட்டா, பொலி எண்டா காணும் எண்டுதான் அர்த்தம். சின்னப் புள்ளைக்கும் தெரியும்."

அங்கே சாதாரண நாளில் போதும் என்பதற்குக் காணும் என்பார்கள். நான் கேட்டது சாதாரண நாளில் அல்ல.

சிவபாலன் வந்து ஒரு பிடி எடுத்தான். விரல்களுக்கு நடுவே வழிந்தது. ஆறு தப்படி அளவுக்கு அப்படி இருந்தது. அவன் என்னைத் திட்டவில்லை, கடிகாரத்தைப் பார்த்தான். "இது காஞ்சா வெடிக்கும்" என்றான். "நாப்பது தப்படியில ஆறு போனா முழுக்கப் போன மாதிரித்தான். மாரியில தண்ணி அதாலதான் இறங்கும்." மேலே தூவ இன்னொரு பை இல்லை. யோகன் அந்த ஆறு தப்படியின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்தார். அவர் முகத்தில் இருந்த சிமெண்டில் வியர்வை இரண்டு கோடு போட்டிருந்தது.

சாப்பாடு கொண்டுவந்த பெண்கள் வந்து நின்று பார்த்தார்கள். "இந்தியாக்கார அண்ணன் றோட்டுப் போடல்ல, களி கிண்டியிரிக்கார்" என்றார் ஒருவர். யாரும் சிரிக்கவில்லை.

தங்கமலர் சாப்பாட்டுப் பெட்டியை இறக்கினார். "தண்ணி கூடினா வறுத்த மா போடுவம்" என்றார், பொதுவாக.

"மா எங்க புள்ள இரிக்கி? நாப்பது பையும் கிரவலுக்குள்ள" என்றார் யோகன்.

"மெசினுக்குப் பின்னால எரிஞ்ச உமிச் சாம்பல் குவிஞ்சு கிடக்கு. அதுவும் மா மாதிரித்தான். தண்ணிய உறிஞ்சும்."

சிவபாலன் கையில் இருந்த சேற்றை உதறாமல் அப்படியே நின்றான். பிறகு என் பையிலிருந்து கையேட்டை எடுத்துப் பின்பக்கங்களைப் புரட்டினான். சிறிய எழுத்தில் ஓர் இணைப்பு இருந்தது. உமிச் சாம்பலைச் சிமெண்டோடு கலக்கலாம், அது மண்ணோடு பிடிக்கும் என்று நான்கு வரி. நான் விமானத்தில் அதைக் கடந்திருக்கிறேன், படித்திருக்கவில்லை.

டிராக்டர் போய்த் திரும்ப இருபத்தைந்து நிமிடம். சாம்பலைக் கொட்டிக் கிளறி மீண்டும் எருமைகளை இறக்கினார்கள். இந்த முறை என்னிடம் எதையும் கொடுக்கவில்லை. எருமைகள் வெளியேறியதும் ஒரு மரக்கட்டையை டிராக்டரில் கட்டி இழுத்து மேற்பரப்பை மட்டம் செய்தார்கள். சிவப்புச் சாலையில் அந்த ஆறு தப்படி மட்டும் கறுப்பாக, ஒட்டுப்போட்ட துணிபோலத் தெரிந்தது. காத்தமுத்து எருமைகளைக் குளத்துக்கு ஓட்டிப் போய் ஒவ்வொரு குளம்பாகக் கழுவினார். சிமெண்ட் காலை அரிக்கும் என்று யாரும் சொல்லாமலே அவருக்குத் தெரிந்திருந்தது.

மேலே வைக்கோல் பரப்பித் தண்ணீர் தெளித்தார்கள். ஏழு நாள் காவல். சிவபாலன் நாற்பது வெறும் பைகளையும் அடுக்கிக் கட்டிக்கொண்டு மறுநாளே எழுவான்கரைக்குப் போனான், சாவடியில் காட்ட.

அடுத்த நாட்கள் ஒன்றோடு ஒன்று கரைந்தவை. அந்த ஊரில் ஒருவர்கூட அந்த நாற்பது தப்படி மேல் நடக்கவில்லை. சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் இறங்கிச் சுற்றிப் போனார்கள். பள்ளிப் பிள்ளைகள் அதன் ஓரம் வந்ததும் குரலைத் தாழ்த்தினார்கள். எங்கள் ஊரில் புதுச் சிமெண்ட் போட்டால் காய்வதற்குள் அதில் ஒரு பெயரும் ஒரு நாயின் காலடியும் பதிந்திருக்கும். இங்கே காலையில் வைக்கோல் மேல் பனித்துளிகள் மட்டும் இருந்தன. காத்தமுத்து வந்து தெளிப்பார், நான் பார்த்துக்கொண்டிருப்பேன். என்னைப் பீப்பாய் பக்கம் விடமாட்டார்.

காவலின் ஆறாம் நாள் காலையிலேயே வானம் இறங்கி வந்தது. பத்து மணிக்கு மழை. மாரி ஒரு வாரம் முந்திவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பதினோரு மணிக்குத் தங்கமலர் அடுக்களைச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். கணக்குப்படி இன்னும் மூன்று வாரம் இருந்தது. ஊர் மருத்துவிச்சி வயிற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இஞ்ச வச்சிப் பாக்கேலா. கொண்டு போ" என்றார். வாவியில் பாதையின் கடைசி ஓட்டம் மாலை ஐந்தரைக்கு.

பெட்டியில் பாயும் வைக்கோலும் போட்டு, மேலே தார்ப்பாய் கட்டி ஏற்றினோம். நானும் காத்தமுத்தும் இன்னும் நான்கு பேரும் பின்னால் ஏறினோம். காட்டுக்குள் மழைச் சத்தம் இலைகளில் நின்றுவிட்டது. எங்கள் மேல் விழுந்தது அதன் மிச்சம்தான்.

மாடுவிழுந்தானில் யோகன் நிறுத்தினார். சுற்றிப் போகும் வழி ஏற்கனவே குளமாகியிருந்தது. முன்னால் நாற்பது தப்படி, வைக்கோல் மூடி. ஏழு நாள் ஆகவில்லை. அவர் இறங்கி நின்று அதையே பார்த்தார்.

"உடைஞ்சா மறுகா ஒரு பை சீமெந்தும் தரமாட்டாங்க" என்றார். "ஊர் முழுக்கச் சுத்திப் போன றோட்டு." பிறகு என்னைப் பார்த்தார். "சேர் என்ன சொன்னவர் அண்ணன்? ஏழு நாளா, ஆறு நாளா?"

ஏழு நாள் என்று எல்லோருக்கும் தெரியும். என் வாயிலிருந்து வேறொரு எண் வர வேண்டும் என்று அவர் விரும்பினார்.

தார்ப்பாய்க்குள்ளிருந்து தங்கமலரின் குரல் வந்தது. வலியை நடுவில் நிறுத்திவைத்துவிட்டுப் பேசுவதுபோல் இருந்தது. "என்னங்க. றோட்டுக்கு நானா, எனக்கு றோட்டா?"

காத்தமுத்து பெட்டியிலிருந்து குதித்தார். "எடு கா டிராக்டர! மெதுவா எடு. நாங்க இறங்கி வாறம், பாரம் குறையட்டும்."

யோகன் செருப்பைக் கழற்றிக் காட்டோரம் வைத்தார். வெறுங்காலோடு ஏறி உட்கார்ந்தார். நாங்களும் கழற்றினோம். டிராக்டர் மனிதர் நடக்கும் வேகத்தில் நகர, பின்னால் ஆறு பேர் சத்தமில்லாமல் நடந்தோம். வைக்கோலுக்கு அடியில் தரை காலுக்குத் தெரிந்தது. குளிர்ந்து, அசையாமல் இருந்தது. பத்து. இருபது. முப்பது. கறுப்புத் துண்டு வந்தது. சக்கரம் அதன்மேல் ஏறியது. ஒரு சின்ன நறநறப்பு. பிறகு மறுபக்கம், கிரவல் மேடு. யோகன் திரும்பிப் பார்க்கவில்லை. வேகத்தைக் கூட்டினார். மற்றவர்கள் ஓடிப் பெட்டியில் தொற்றிக்கொண்டார்கள்.

நானும் காத்தமுத்தும் அங்கேயே நின்றுவிட்டோம். வைக்கோலை விலக்கிப் பார்த்தார். சிவப்பில் ஒன்றும் இல்லை. கறுப்பில் சக்கரத்தின் பூத்தடம் பதிந்திருந்தது. என் நகத்தை வைத்துப் பார்த்தேன், நகத்தளவு ஆழம். அவர் வைக்கோலைத் திரும்பவும் சரியாக மூடினார், உறங்குபவருக்குப் போர்த்துவதுபோல.

மூன்று நாள் கழித்து நான் எழுவான்கரைக்குத் திரும்பினேன். அதற்குள் சிவபாலன் வந்து கறுப்புத் துண்டை இரும்புக் கம்பியால் குத்திப் பார்த்துவிட்டுப் போயிருந்தான். கம்பி இறங்கவில்லை. அடுத்த விண்ணப்பத்தில் சிமெண்டோடு உமிச் சாம்பலையும் எழுதப் போவதாகச் சொன்னான். சாம்பலுக்கு யாரும் தடை போடவில்லை.

ஆஸ்பத்திரியில் தங்கமலர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பெண் குழந்தை, ஒரு பழைய சேலைத் துண்டுக்குள். ஜன்னலுக்கு வெளியே வாவி மேல் மழை. அக்கரை மறுபடியும் இல்லாமல் போயிருந்தது.

அவர் முதலில் கேட்டது சாலையைப் பற்றி. "தடம் விழுந்திட்டா?"

"நகத்தளவு. கறுப்புத் துண்டில் மட்டும்."

"அது உங்கட தண்ணி அண்ணன்" என்று சிரித்தார். யோகனும் சிரித்தார். போன வாரம் அந்த இடத்தில் குந்தி உட்கார்ந்திருந்தவர்தானா என்று சந்தேகம் வந்தது.

ஒரு தாதி வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து அந்த மாதம்தான் மாற்றலாகி வந்தவர். குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, கையில் அட்டையோடு கேட்டார்: "பால் காணுமே, பிள்ளைக்கு?"

தங்கமலர் குழந்தையைப் பார்த்தார். "பொலி" என்றார், மெதுவாக.

தாதி எழுதப் போன பேனாவை நிறுத்தி என் பக்கம் திரும்பினார்.

"காணுமாம்" என்றேன்.